காலாண்டு வளர்ச்சி வீதமும் நண்டுக்குப் போகும் பெண்களும்

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று விடாது வீசியது. வானில் முகில் இருந்தது, மழை இல்லை. கடற்பக்கத்து மணல் பறந்து வந்து நிலையத்தின் யன்னல் விளிம்பில் இரண்டு விரற்கடை உயரத்திற்குப் படிந்திருந்தது.

நிலையம் என நான் குறிப்பிடுவது கண்டல்குடா மகளிர் சங்கத்தின் நண்டு பதனிடும் நிலையமாகும். கடலோடு சேர்ந்த உவர்நீர்ப் பரப்பான களப்பில் பிடிபடும் நண்டை அவித்து, ஓட்டை உடைத்து, தசையைப் பிரித்துப் பெட்டியில் அடைப்பது அங்கு நடைபெறும் பணி. இருபத்து மூன்று பெண்கள் அதில் ஈடுபடுகின்றனர். அவர்களுக்கு இன்றியமையாதது குளிர் அறை. அஃதின்றேல் மதியத்திற்குள் தசை பழுதாகிவிடும். அக்குளிர் அறை எமக்குச் சொந்தமானதன்று. கரையோர வாழ்வாதாரத் திட்டமொன்று இவ்வாண்டு ஜனவரியில் அதனை எமக்கு இரவலாக வழங்கியது. நிபந்தனை ஒன்றே: ஒவ்வொரு காலாண்டும் கிராமத்தின் வேலைவாய்ப்பு வளர்தல் வேண்டும். வளராவிடின் குளிர் அறை லொறியில் ஏற்றப்பட்டு, வளர்கின்ற வேறொரு கிராமத்திற்குச் செல்லும்.

என் பெயர் மக்தலேனா. சங்கத்தின் செயலாளர். கிராமத்தில் எத்தனை பேர் தொழில்புரிகின்றனர் எனக் கணக்கெடுத்துக் காலாண்டு அறிக்கை தயாரிப்பது எனது பொறுப்பாகும். இப்பொறுப்பு எனக்குத் தற்செயலாகக் கிடைத்ததன்று. எட்டாம் வகுப்புடன் பாடசாலையை விட்ட நான், நாற்பத்து நான்காவது வயதில் சாதாரண தரமும், நாற்பத்தெட்டாவது வயதில் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரமும் எழுதினேன். மே மாதக் கடைசியில் பெறுபேறு வெளியானது. பொருளியலில் திறமைச் சித்தி. கண்டல்குடாவில் அப்பாடத்தில் சித்தியடைந்தவர் வேறு எவருமில்லை என்பதை ஒரு தகவலாக இங்கு பதிவு செய்கிறேன்.

வேலைவாய்ப்பின் காலாண்டு வளர்ச்சி வீதம் என்பது, இக்காலாண்டில் தொழில்புரிவோர் தொகைக்கும் முந்திய காலாண்டின் தொகைக்கும் உள்ள வேறுபாட்டை முந்திய தொகையால் வகுத்து நூறால் பெருக்கப் பெறுவதாகும். எமது கிராமத்தில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோர் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். முதலாம் காலாண்டுக்கென மாசியில் நான் எடுத்த கணக்கில் நூற்று எண்பத்தாறு பேர் தொழில்புரிந்தனர். இரண்டாம் காலாண்டுக்கென ஜூனில் எடுத்த கணக்கில் தொண்ணூற்று மூன்று பேர். சரியாக அரைவாசி. வளர்ச்சி வீதம் சய ஐம்பது, அதாவது நூற்றுக்கு ஐம்பது குறைவு.

இவ்வீழ்ச்சி என்னை அச்சுறுத்தவில்லை. அதற்கான காரணம் பாடநூலிலேயே உண்டு. மார்கழி தொடக்கம் சித்திரை வரை பெருங்கடல் அமைதியாக இருக்கும்; போட்டுகள் எனப்படும் இயந்திரப் படகுகள் எல்லாம் கடலுக்குப் போகும். வைகாசியில் கச்சான் எழும்பியதும் அவை கரையேற்றப்படும். களப்புத் தொழில் மாத்திரமே எஞ்சும். இதனைப் பருவகால மாற்றம் என்பர். ஆகவே இரண்டாம் காலாண்டை முதலாம் காலாண்டுடன் ஒப்பிடுதல் முறையன்று. சென்ற ஆண்டின் இதே காலாண்டுடன் ஒப்பிடுதலே முறை. இதை விளக்கி நான்கு பக்கங்களில், ஒரு வரைபடத்துடன், குறிப்பொன்றைத் தயாரித்து வைத்திருந்தேன்.

முற்பகல் பத்தரை மணிக்குத் திட்டத்தின் கண்காணிப்பு அலுவலர் செய்னுலாப்தீன் பாலாவியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். தலைக்கவசத்தைக் கழற்றி அதற்குள்ளிருந்த மணலைத் தட்டிய பின், கதிரையில் அமர்ந்து அறிக்கையின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார்.

"சயதானே?"

"ஓம் சேர். அதுக்கு விளக்கம் இருக்கு." குறிப்பை அவர் முன் வைத்தேன்.

அவர் வரைபடத்தைப் பார்த்தார். "வடிவாக் கீறியிருக்கிறீங்க. ஆனா மிஸ், மேல இருக்கிறவங்களுக்குக் கணினியில ஒரு பெட்டிதான். கூடினா சக, குறைஞ்சா சய. சய எண்டா வியாழக்கிழமை லொறி வரும்."

"காத்துக் காலத்தையும் காத்தில்லாத காலத்தையும் ஒப்பிடேலாது, சேர்."

"மழைக்குக் குடை விக்கிறவன் கூடுவான், வெயிலுக்குக் குறைவான். அதுதானே? விளங்குது."

"விளங்கினா எழுதுங்களேன்."

"எழுத இடமில்லயெண்டுதானே சொல்றன்."

"போன வருஷத்து ஜூனோட ஒப்பிட்டா?"

"போன வருஷத்துக் கணக்க எடுங்க பாப்பம்."

சென்ற ஆண்டுக் கணக்கு இல்லை. திட்டமே இவ்வாண்டுதான் தொடங்கிற்று. இதை அவரும் அறிவார், நானும் அறிவேன். எனினும் இருவரும் மேலும் முக்கால் மணி நேரம் இதையே கதைத்தோம். ஒருவருக்கு விளங்காத விடயத்தை விளக்கலாம்; விளங்கிய விடயத்தை விளங்கிக்கொண்டே மறுப்பவருக்கு என்ன செய்வதெனப் பாடநூலின் எந்த அலகிலும் கூறப்படவில்லை.

அவர் வெறுமனே படிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இது உங்கட வீடுதானே? மாப்பிள்ளை சும்மாவா இருக்கிறார்?"

வாங்கிப் பார்த்தேன். பேதுரு, வயது ஐம்பத்து மூன்று. கடந்த ஏழு நாட்களில் வேலையில் ஈடுபட்டவரா: இல்லை.

கணக்கெடுப்பவர் தமது சொந்த வீட்டைக் கணக்கெடுத்தலாகாது என்பது விதி. ஆதலால் எங்கள் வீட்டுக்கு நிலையத்தில் நண்டு உடைக்கும் நிஸ்மியாவை அனுப்பியிருந்தேன். என் கணவர் அக்கிழமையில் ஆறு நாள் களப்புக்குப் போனார். அவர் கொண்டு வந்த நண்டு இதே நிலையத்தில், நிஸ்மியாவின் கையாலேயே உடைபட்டது.

நிஸ்மியாவை மேசையடிக்கு அழைத்தேன். அவள் ஓட்டுத்துண்டு ஒட்டிய கையுறையுடன் வந்தாள்.

"இது என்ன எழுத்து?"

"நீங்க எழுதித் தந்ததத்தான் பிசகாம வாசிச்சன், மக்தலேனாக்கா. அவர் இல்லயெண்டார்."

"அவர் கொண்டு வந்த நண்ட உடைச்சது நீதானே?"

"உடைச்சன். நீங்கதானே சொன்னீங்க, முதல் பதில எழுது, கூடக்குறைய வாயத் திறக்காத எண்டு. நான் திறக்கல்ல."

நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். படிவத்தைக் காற்று பறிக்காதவாறு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு களப்புக்கரைக்கு நடந்தேன். பேதுரு தோணியின் நிழலில் இருந்து வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேறு மூவர் இருந்தனர்.

"நிஸ்மியா வந்து கேக்க, வேலை இல்லயெண்டு சொன்னீங்களா?"

"ஓம்."

"அந்தக் கிழமை முழுக்கக் களப்புக்குப் போனீங்கதானே?"

"போனன்."

"பிறகேன் இல்லயெண்டீங்க?"

"அது தொழில்." அவர் வலையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "வேலை எண்டா மாசச் சம்பளம், சப்பாத்து, லீவு. எனக்கு லீவு ஆர் தாறது, நீயா?"

மற்ற மூவரும் சிரித்தனர்.

"மாசியில ஓமெண்டீங்களே."

"மாசியில நீ ஆளனுப்பி, போன கிழமை தொழிலுக்குப் போனீங்களா எண்டு கேட்டாய். போனன் எண்டன். இந்த முறை என்னவோ வாசிச்சனுப்பினாய். ஊதியம் அல்லது இலாபம் கருதி எந்தவொரு வேலையிலும் ஈடுபட்டவரா எண்டு. நான் கோட்டுக் கேசாக்குமெண்டு நினைச்சன். இல்லயெண்டுட்டன்."

"நாங்க மூண்டு பேரும் அப்பிடித்தான் அண்ணி," என்றார் மூவரில் ஒருவர். "ஒண்டிலயும் ஈடுபடல்லயெண்டு சொல்லிட்டம். எதுக்கும் நல்லதெண்டு."

காற்று என் முகத்தில் மணலை வீசியது.

கண்டல்குடாவில் தொழில் என்றால் கடல். வேலை என்றால் அலுவலகம், தொழிற்சாலை, சம்பளத் துண்டு. இதை அறிவதற்குப் பரீட்சை தேவையில்லை. நான் இவ்வூரிலேயே பிறந்தவள். மாசியில், பெறுபேறு வரும் முன்னர், ஊர்ச் சொல்லிலேயே கேள்வியை எழுதினேன். ஜூனில் அக்கேள்வி எனக்குக் கூச்சத்தைத் தந்தது. பாடநூலிலுள்ள வரைவிலக்கணத்தைப் பார்த்து, ஒரு சொல்லும் தவறாது, புதிய வினாக்கொத்தொன்றை எழுதினேன். அழகான வினா அது. பின்னர் தொகை அரைவாசியாக விழுந்தபோது, அதே பாடநூலில் பருவகால மாற்றம் என்ற காரணத்தைக் கண்டு திருப்தியடைந்தேன். அக்காரணம் பிழையன்று. சரியான காரணமொன்று கையிலிருந்தமையால் மற்றக் காரணத்தை நான் தேடவேயில்லை.

நிலையத்திற்குத் திரும்பி, நண்டு உடைக்கும் இருபத்து மூவரின் படிவங்களையும் வேறாக எடுத்தேன். நான்கு பேர் ஓம். பத்தொன்பது பேர் இல்லை. அந்நால்வரும் முன்பு சிலாபப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலையொன்றில் இருந்தவர்கள். அவர்களுக்கு வேலை என்ற சொல் பழகியிருந்தது. நிஸ்மியாவின் படிவத்தை நானே நிரப்பியிருந்தேன். இல்லை.

"நிஸ்மியா, நீயுமா?"

"நான் நண்டுக்கு வாறன். வேலைக்கு எங்க போறன்?" என்றாள். "வேலைக்குப் போனா எங்கட உம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சிருப்பா."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. வேலைவாய்ப்பை உருவாக்குவதற்கென அமைக்கப்பட்ட நிலையத்தின் பெண்கள், அந்நிலையத்தின் அறிக்கையிலேயே வேலையற்றவர்களாக இருந்தனர். அதை எழுதியது என் கை.

செய்னுலாப்தீன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் தெளிந்திருந்தது.

"நல்ல விஷயம்தானே, மிஸ். பத்தொன்பதக் கூட்டுங்க. தோணிக்காரரையும் கூட்டுங்க. சக வந்தாச் சரி. நான் லுஹர் தொழுதுட்டு, சாப்பிட்டு வாறன். அஞ்சு மணிக்குக் கணினியப் பூட்டிருவாங்க, அதுக்குள்ள முடிங்க."

"ஒவ்வொருத்தரயும் திரும்பக் கேக்க வேணுமே, சேர்."

"கேட்டுட்டுத் திருத்துங்க, கேக்காமத் திருத்துங்க. நான் அத ஒண்டும் காணல்ல." அவர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்.

பெண்கள் நண்டை விட்டுவிட்டு மேசையடிக்கு வந்தனர். நிஸ்மியா கையுறையைக் கழற்றி, பேனையை எடுத்தாள்.

"நூத்திப் பத்தொன்பது படிவம். இல்லயெண்டத வெட்டி ஓமெண்டு போடுறது. அரை மணித்தியால வேலை."

"இத மட்டும் வேலை எண்டுவீங்களாக்கும்," என்றேன்.

பேனையை அவளிடமிருந்து வாங்கிக் கணக்கிட்டேன். நிச்சயமாக எனக்குத் தெரிந்தவர்கள் பத்தொன்பது பெண்களும் என் கணவரும். இருபது. அவர்களைச் சேர்த்தால் நூற்றுப் பதின்மூன்று. கரையில் சிரித்த மூவரையும் சேர்த்தால் நூற்றுப் பதினாறு. முதலாம் காலாண்டைத் தாண்டுவதற்கு நூற்று எண்பத்தேழு வேண்டும். எஞ்சிய தொண்ணூற்றாறு பேரில் எழுபத்தொருவரை நான் தொழிலுக்கு அனுப்ப வேண்டும். அவர்களுள் போட்டுக்காரர் பலர். அந்தக் கிழமை அவர்களின் போட்டுகள் மணலில் ஏறி நின்றதை எல்லோரும் கண்டோம். சிலர் கிழிந்த வலையைப் பொத்தியிருப்பர். அது ஒரு மணித்தியாலம் நடந்திருந்தாலும் தொழில்புரிதலே. சிலர் காற்றில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரருக்குச் சாமான் தூக்கியிருப்பர். சிலர் படுத்திருப்பர். யார் எவர் என்பது எனக்குத் தெரியாது. எழுபத்தொரு பேரையும் சேர்ப்பதாயின் கச்சான் வீசாத ஒரு கண்டல்குடாவை நான் எழுத வேண்டும்.

"அப்பிடிச் செய்ய ஏலாது," என்றேன்.

"ஏன் ஏலாது?"

"பொய்."

"இப்ப எழுதியிருக்கிறது உண்மையா?" நிஸ்மியா என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "எனக்கு வேலையில்ல எண்டு எழுதியிருக்கிறீங்க. அது உண்மையெண்டா இந்தக் கை என்னத்துக்கு இப்பிடிக் கிழிஞ்சிருக்கு? ஐஸ் அறை போச்செண்டா நாங்க எல்லாரும் நிசமாவே இல்லயெண்டுதான் சொல்லவேணும். உங்களுக்குச் சங்கம் இருக்கு. எங்களுக்கு நண்டு மட்டும்தான்."

நான் அறிக்கையைத் திரும்ப விரித்தேன். இரண்டு தொகைகளும் என் முன்னால் இருந்தன. நூற்று எண்பத்தாறு, தொழிலுக்குப் போனீர்களா என்பதன் விடை. தொண்ணூற்று மூன்று, வேலையில் ஈடுபட்டவரா என்பதன் விடை. ஒன்று மற்றதன் அரைவாசி என நான் கூறியது, தேங்காயின் அரைவாசி மாங்காய் எனக் கூறுவதற்கு ஒப்பாகும். அளவுகோல் மாறினால் வளர்ச்சி வீதம் என்பதே இல்லை. சகவும் இல்லை, சயவும் இல்லை. புள்ளிவிபர அட்டவணைகளில் இத்தகைய இடத்தில் 'ஒப்பிடத்தக்கதன்று' எனக் குறித்து, காரணத்தை அடிக்குறிப்பில் இடுவர்.

பெண்களை நண்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு அடிக்குறிப்பை எழுதத் தொடங்கினேன். மூன்று தாள்களைக் கிழித்தேன். நான்காவது தாளில் பின்வருமாறு அமைந்தது: "முதலாம் காலாண்டில் பயன்படுத்தப்பட்ட வினா இரண்டாம் காலாண்டில் மாற்றப்பட்டது. அதன் காரணமாகத் தொழில்புரிவோர் பலர் வேலையற்றோராகப் பதியப்பட்டனர். ஆகவே இரு காலாண்டுகளும் ஒப்பிடத்தக்கனவல்ல."

இரண்டே கால் மணிக்கு செய்னுலாப்தீன் வந்தார். திருத்தாத படிவங்களைக் கண்டதும் நீண்ட மூச்சொன்று விட்டார். தாளை வாசித்தார்.

"மாற்றப்பட்டது. சரி. ஆரு மாத்தினது?"

"வினா மாற்றப்பட்டது, சேர். அதுதான் முக்கியம்."

"மிஸ், நான் இத அனுப்பினா அங்க உள்ளவ முதல்ல கேக்கிற கேள்வி அதுதான். வினா தானா எழும்பிப் போய் மாறினதா? பதியப்பட்டனர் எண்டா ஆரு பதிஞ்சது?"

செயப்பாட்டுவினை நல்லதொரு கருவி. பாடநூல்கள் யாவும் அதிலேயே எழுதப்பட்டுள்ளன. அதில் எவரும் எதையும் செய்வதில்லை; எல்லாம் செய்யப்படுகின்றன. நான் பேனையை எடுத்தேன். பெண்கள் நண்டு உடைப்பதை நிறுத்தியிருந்தனர். "மாற்றப்பட்டது" என்பதை வெட்டி, "செயலாளராகிய நான் மாற்றினேன்" என எழுதினேன். "பதியப்பட்டனர்" என்பதை வெட்டி, "பதிந்தேன்" என எழுதினேன். இவ்வூரவர்களுக்கு வேலை வேறு, தொழில் வேறு என்பதை அறிந்திருந்தும் நான் கவனிக்கவில்லை என்ற வாக்கியத்தை அவர் கேட்காமலே சேர்த்தேன்.

அவர் தலைமை அலுவலகத்திற்குத் தொலைபேசி எடுத்தார். முதல் தடவை எவரும் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை வேறொரு பிரிவுக்குப் போயிற்று. மூன்றாம் தடவை ஓர் அம்மணி, பெட்டியில் எழுத்து இடமுடியாது, எண் மட்டுமே இடலாம் என்றார். பூச்சியம் இடலாமா எனக் கேட்டார் செய்னுலாப்தீன். பூச்சியமும் ஓர் எண், அது வளரவில்லை எனப் பொருள்படும் என அவர் கையிலிருந்த தொலைபேசியை நோக்கிச் சொன்னேன். அம்மணி, பேசுவது யார் எனக் கேட்டார். பிழையாகக் கேள்வி கேட்டவர் என்று செய்னுலாப்தீன் சிங்களத்தில் பதிலளித்தார். எனக்குச் சிங்களம் விளங்கும் என்பதை அவர் அறியார், அல்லது அறிவார்.

நான்கு மணி கடந்த பின் அம்மணியே திரும்ப எடுத்தார். பெட்டியை வெறுமையாக விடலாம். இரண்டு காலாண்டுக் கணக்கையும் நீக்கி, இம்மாதம் புதிதாக அடிப்படைக் கணக்கு எடுக்கப்படும். குளிர் அறை அடுத்த ஒப்பீடு வரை இருந்த இடத்தில் இருக்கும். ஆனால் இனிக் கணக்கெடுப்பது நானல்ல. பாலாவியிலிருந்து ஒருவர் அனுப்பப்படுவார்.

நிஸ்மியா "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அடுத்த கணமே என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"வாறவருக்கு என்ன கேக்கிறதெண்டு தெரியுமா, சேர்?" என்றேன்.

"அத ஒரு தாளில எழுதித் தாங்க."

எழுதினேன்: போன கிழமை தொழிலுக்கோ, நண்டுக்கோ, வேலைக்கோ போனீங்களா?

அவர் வாசித்துத் தலையைச் சொறிந்தார். "இது எழுத்துத் தமிழ் இல்லயே, மிஸ். அச்சடிக்க மாட்டாங்க."

நான் அவரைப் பார்த்தேன். ஜூன் மாதத்தில் நானும் சரியாக அதே வாக்கியத்தையே எனக்குள் கூறியிருந்தேன். ஆதலால் கோபப்படவும் வழியில்லை.

"அச்சடிக்காட்டி வாயால கேக்கச் சொல்லுங்க. இன்னொண்டும் சொல்லி வையுங்க. மார்கழியில கடல் அடங்கினாப் பிறகு இந்தத் தொகை தானாப் பாயும். உங்கட ஆக்கள் திட்டத்தாலதான் பாய்ஞ்சதெண்டு நினைச்சு, இன்னொரு ஊரிட ஐஸ் அறையக் கழட்டக் கூடாது."

"அத நான் சொன்னா ஆரு கேக்கிறது?" என்றார் அவர். "சக வந்தா எவனும் விளக்கம் கேக்கமாட்டான்."

அன்று முழுவதும் அவர் கூறியவற்றுள் பாடநூலில் இடம்பெறத் தகுதியுடைய வாக்கியம் அதுவொன்றே. அவர் அடிக்குறிப்புத் தாளை என் முன் தள்ளி, பெயரின் கீழ் கையொப்பமும் திகதியும் நேரமும் இடுமாறு கேட்டார். பெயரின் பின்னால் க.பொ.த. உயர்தரம் என எழுதுவது என் வழக்கம். அன்றும் எழுதினேன். கையொப்பமிட்டேன். நேரம் பிற்பகல் 4 மணி 47 நிமிடம்.